முள் மெய் பேச வேண்டும்

ரொறன்ரோவில் பழைய காருக்குப் புதிய மீற்றர் தேடுபவர்கள் எதைப் பார்த்து வாங்குவது?

1977ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையோடு கனடாவின் வீதிகளில் மைல் கணக்கு முடிவுக்கு வந்தது. வேக எல்லைப் பலகைகள் நாடு முழுவதும் கிலோமீற்றருக்கு மாறின. 401 நெடுஞ்சாலையில் 60 என்றிருந்த பலகை 100 ஆனது. வீதி மாறியது, வீதியில் ஓடிக்கொண்டிருந்த கார்களின் டாஷ்போட் மாறவில்லை. அதற்கு முன்னர் செய்யப்பட்ட காரொன்றை இன்று ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வைத்திருப்பவர் 50 என்ற பலகையைக் கண்டால் முள்ளை 31இல் நிறுத்த வேண்டும். 30 என்ற பலகையைக் கண்டால் 19ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழகிவிட்டால் இது பெரிய சிரமமில்லை. அந்த முள்ளே சரியாகச் சொல்கிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டால்தான் மனக்கணக்கால் பயனில்லாமல் போகிறது.

பழைய கார் வைத்திருப்போர் புதிய மீற்றர் தேடத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேகமானியின் முள் நடுங்குகிறது. பெற்றோல் மீற்றர் எப்போது பார்த்தாலும் பாதியில் நிற்கிறது. ஓயிலுக்கு ஒரு விளக்கு மட்டும் இருக்கிறது, அமுக்கம் எவ்வளவென்று தெரியவில்லை. கடைகளின் பட்டியலைத் திறந்தால் ஐந்து வட்டங்கள் சேர்ந்த தொகுதி, குரோம் விளிம்பு, வெள்ளை முகம், நீல வெளிச்சம் என்று கண்ணைப் பறிக்கும் படங்கள். முகத்தைப் பார்த்தே மனம் முடிவெடுத்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: மீற்றரின் முகத்தைப் பார்க்குமுன் காரின் சென்சரைப் பாருங்கள். மீற்றர் தானாக எதையும் அறிவதில்லை. பெற்றோல் தொட்டிக்குள் கிடக்கும் மிதவையும் எஞ்சினில் திருகியிருக்கும் சின்னப் பித்தளைக் குமிழும் அனுப்பும் செய்தியைத்தான் அது முள்ளாக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒரே கணக்கில் பேசாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீற்றரும் பொய்தான் சொல்லும்.

வெறும் தொட்டியை நிறைந்தது என்று காட்டும் மீற்றர்

தொட்டியில் மிதவை ஏறி இறங்கும்போது ஒரு மின்தடை கூடிக் குறைகிறது. அந்த ஓம் கணக்கு கம்பனிக்குக் கம்பனி வேறு. ஜெனரல் மோட்டர்ஸ் 1965 முதல் தன் கார்களில் பெரும்பாலும் வைத்தது, தொட்டி வெறுமையாக இருந்தால் 0 ஓம், நிறைந்திருந்தால் 90. அதற்கு முந்திய ஜி.எம். கார்களில் 0 முதல் 30 வரை. அக்காலத்து ஃபோர்ட்டிலும் கிறைஸ்லரிலும் இது தலைகீழ்: வெறுமைக்கு ஏறத்தாழ 73, நிறைவுக்கு 10. ஐரோப்பியக் கார்களில் பரவலாகக் காணும் வி.டி.ஓ. சென்சர் 10இல் தொடங்கி 180இல் முடிகிறது. ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் அமெரிக்க மீற்றர்கள் பெரும்பாலும் 240–33 கணக்குக்குச் செய்யப்பட்டவை: வெறுமைக்கு 240, பாதிக்கு 103 அளவில், நிறைவுக்கு 33.

1967ஆம் ஆண்டுச் செவர்லே ஒன்றில் இந்த 240–33 மீற்றரைப் பூட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தொட்டி நிறைய பெற்றோல் இருக்கும்போது சென்சர் 90 ஓம் அனுப்பும். மீற்றர் அதைப் பாதிக்குச் சற்று மேல் என்று வாசிக்கும். ஓட ஓடப் பெற்றோல் குறையும், ஓமும் குறையும், முள்ளோ மேலே ஏறும். கடைசித் துளி தீரும் நேரத்தில் அது ‘நிறைவு’க் கோட்டையும் தாண்டி நிற்கும். டொன் வலி பார்க்வேயில் ஒதுங்கி நிற்க ஓரமே இல்லாத ஒரு வளைவில் கார் நின்றுபோக, மீற்றர் முழுத் தொட்டி காட்டிக்கொண்டிருக்கும். மீற்றரிலும் பழுதில்லை, சென்சரிலும் பழுதில்லை. பொருத்தம் பார்க்காமல் வாங்கியதுதான் பழுது.

பரிகாரம் எளிது. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றை எடுத்து, தொட்டியின் சென்சரிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனைக்கும் காரின் உடம்புக்கும் இடையே ஓம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்போது ஒருமுறை, நிரப்பியபின் ஒருமுறை. அந்த இரண்டு எண்களோடு கடைக்குப் போனால் யாரும் உங்களுக்குத் தவறானதை விற்க முடியாது. எந்தக் கணக்குக்கும் உங்கள் கையாலேயே சரிப்படுத்திக்கொள்ளக்கூடிய மீற்றர்களும் இப்போது வருகின்றன. பழைய தொட்டியைத் திறந்து சென்சரை மாற்ற மனமில்லாதவர்களுக்கு அவையே நல்ல வழி.

இந்த அளவெடுப்பு ஒன்ராறியோவில் இன்னும் முக்கியமானது. அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. கனடாவும் அமெரிக்காவும் 1965இல் வாகன வர்த்தக உடன்படிக்கை செய்துகொள்ளும்வரை எல்லையில் சுங்கவரி கடுமை. அதனால் கம்பனிகள் கனடாவுக்கென்றே தனிக் கார்களைச் செய்தன. பெயரில் பொன்ரியக், அடியில் செவர்லே. பரிசியென், லொறன்ரியன் என்று ஓடிய கனடியப் பொன்ரியக்குகளின் சட்டகமும் எஞ்சினும் செவர்லேயுடையவை. 1962இல் வந்த அக்கேடியன் அடிப்படையில் செவி 2. 1966 முதல் 1969 வரை தனிப் பெயரிலேயே விற்கப்பட்ட போமொன்ற்டின் உடம்பு செவர்லே செவெல், டாஷ்போட்டோ பொன்ரியக் ரெம்பெஸ்ற் வகை. அமெரிக்கக் கடையின் பட்டியலில் ‘பொன்ரியக், 1967’ என்று தேடி வாங்கியவருக்கு வட்டம் பொருந்தாது, அல்லது வட்டம் பொருந்தி வயர் பொருந்தாது. மேர்க்கரி என்ற பெயரில் ஓடிய சிறு ட்ரக்குகள் ஃபோர்ட். ஃபாகோ ட்ரக்குகள் டொட்ஜ். உங்கள் வீட்டு கராஜில் நிற்பது இப்படிப்பட்ட கனடியப் பிறவி என்றால், ஒஷாவாவிலுள்ள கனடிய வாகன அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. இந்த நாட்டின் கார்கள் எப்படி இரட்டைப் பிறப்பு எடுத்தன என்பதை அங்கே நேரில் பார்த்தால், பட்டியல்களை நம்பும் பழக்கம் போய்விடும்.

மொறிஸ் மைனரில் இல்லாத இரண்டு முள்கள்

நம்மவர்களில் பலருக்குப் பழைய கார் என்றால் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம்தான். யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராக, கலியாணக் காராக, ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரக் காராக ஒரு தலைமுறையைச் சுமந்தவை அவை. 1990களில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் தயாராகி இங்கிலாந்துக்கே போனதும் உண்டு. அந்தப் பாசத்தில் ரொறன்ரோவில் ஒன்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. 1954க்குப் பின் வந்தவற்றில் டாஷ்போட்டின் நடுவில் ஒரேயொரு பெரிய வட்டம். அதில் வேகம், அதற்குள்ளேயே பெற்றோல் அளவு, சில எச்சரிக்கை விளக்குகள். வெப்ப மீற்றர் இல்லை, ஓயில் அமுக்க மீற்றர் இல்லை. ஓயில் விளக்கு எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். அமுக்கம் மிகக் கீழே போனபின்தான் அந்தச் சுவிற்ச் விழித்துக்கொள்ளும்.

இந்த இரண்டு முள்களும் எவ்வளவு தேவை என்பதை யாழ்ப்பாணத்து ஓட்டுநர்களைப் போல அனுபவித்தவர்கள் உலகத்தில் குறைவு. 1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபோது அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு போதாத எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஓயிலோடு கலக்கும், ஓயில் நீர்த்துப்போகும், அமுக்கம் விழும், பெயரிங் தேயும். வெப்பம் எவ்வளவு, அமுக்கம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் எஞ்சின் பிழைக்கும். அந்தப் பதிலைச் சொல்ல டாஷ்போட்டில் எதுவும் இருக்கவில்லை. காதாலும் மூக்காலும் கால் பாதத்தின் அதிர்வாலும் அறிந்து ஓட்டினார்கள். ஐம்பதுகளில் வந்த கார்கள் தொண்ணூறுகளைத் தாண்டி ஓடியதில் அந்தக் கைகளின் திறமைக்குப் பெரும் பங்கு உண்டு.

ரொறன்ரோவில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. இங்கே சோதனை வேறு வகை. ஜூலை மாதம், 30 பாகைக்கு மேல் வெயில், மண்டப வாசலில் மாப்பிள்ளை ஊர்வலம். பூ மாலை சுற்றிய கார் நடந்துபோகும் வேகத்தில் மேளத்துக்குப் பின்னால் ஊர்கிறது. காற்று றேடியேற்றருக்குள் போகவில்லை, விசிறி மெல்லச் சுழல்கிறது. அந்த நேரத்தில் வெப்ப மீற்றர் இருந்தால் மணமக்களை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்க ஐந்து நிமிடம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஆவி எழும்பும்போதுதான் தெரியும். ஆகவே, கையில் இரண்டு மீற்றருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அவை ஓயில் அமுக்கமும் நீர் வெப்பமுமாக இருக்கட்டும். ஆர்.பி.எம். மீற்றரின் அழகு பிறகு வரலாம்.

ஓயில் மீற்றரில் இரண்டு வகை. இயந்திர வகையில் எஞ்சினின் ஓயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக மீற்றர்வரை வந்து, உள்ளே வளைந்திருக்கும் பித்தளைக் குழலை விரிக்கும். பிரான்சில் யூஜின் போர்டொன் 1849இல் காப்புரிமை பெற்ற அதே முறை. மின்சாரம் வேண்டாம், பொய் குறைவு, எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். ஆனால் கூடவே கொடுக்கும் மலிவான நைலோன் குழாயை எறிந்துவிடுங்கள். சூடு பட்டுப் பட்டு அது உடைந்தால் கொதிக்கும் ஓயில் உங்கள் காலில் கொட்டும். செம்புக் குழாயோ உலோகப் பின்னலிட்ட குழாயோ போட்டு, எஞ்சினின் அதிர்வைத் தாங்க நடுவில் ஒரு சுருள் விட்டுப் பொருத்த வேண்டும். வீட்டில் மற்றவர்களும் ஓட்டும் கார் என்றால் மின் வகைக்கே போங்கள். அதில் ஓயில் எஞ்சினை விட்டு உள்ளே வருவதில்லை.

அடுத்தது மரை. பிரிட்டிஷ் கார்களின் எட்டிலொரு அங்குல பி.எஸ்.பி. மரையில் ஓர் அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க என்.பி.ரி. மரையில் 27. முதல் இரண்டு சுற்றுக்கு ஒன்றில் ஒன்று நன்றாக ஏறும், பிறகு இறுகும். பொருந்துகிறது என்று நினைத்து முறுக்கினால் எஞ்சின் உடம்பின் மரையே கெட்டுவிடும். அதற்குரிய இணைப்புத் துண்டு சில டொலர்தான். கசிவுக்குப் பயந்து சென்சரின் மரையில் வெள்ளை ரேப்பைத் தாராளமாகச் சுற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: ஒரே வயர் கொண்ட சென்சருக்கு அந்த மரைதான் எர்த். ரேப் தடுத்தால் முள் அசையாது, அல்லது அரைகுறையாக அசையும்.

ஸ்காபரோ கராஜ்களில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். “அண்ணை, ஹீற் முள்ளு அசையுதில்லை, மீற்றர் மாத்த வேணுமோ?” “பொறும் தம்பி. முதல்ல அந்தச் சென்சர் வயரைக் கழட்டி பொடியில ஒருக்கால் தொட்டுப் பாரும்.” தொட்டதும் முள் ஓடி ஏறினால் மீற்றர் நலம், குறை சென்சரில். ஏறாவிட்டால் மீற்றரையோ வயரையோ பார்க்க வேண்டும். ஒரு வினாடிக்கு மேல் தொட்டு வைத்திருக்கக் கூடாது. இந்தச் சோதனை செய்யாமலே நல்ல மீற்றர்கள் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கின்றன.

வெப்ப மீற்றரிலும் பழைய பிரிட்டிஷ் வகை இயந்திர வகைதான். ஈதர் நிரப்பிய மெல்லிய செம்புக் குழாய், ஒரு முனையில் குமிழ், மறுமுனையில் மீற்றர். இந்தக் குழாயை வெட்டவும் முடியாது, நீட்டவும் முடியாது. நீளமாக இருந்தால் சுருட்டி வையுங்கள். மடிந்து ஒடிந்தால் மீற்றர் செத்தது. வாங்கும் முன் எஞ்சினிலிருந்து டாஷ்போட் வரை வளைவுகளையும் சேர்த்து ஒரு நூலால் அளந்துகொள்வது புத்திசாலித்தனம்.

மின்சாரத்தின் திசை

மொறிஸ் மைனர் உட்பட அறுபதுகளின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்று விற்கப்படும் மின்னணு மீற்றர்கள் எதிர்முனை எர்த்துக்குச் செய்யப்பட்டவை. பார்க்காமல் இணைத்தால் அந்த நொடியிலேயே எரிந்துபோகலாம். காரை எதிர்முனைக்கு மாற்றுவது கடினமான வேலையல்ல: பற்றறியைத் திருப்பி, கொயிலின் வயர்களை இடம் மாற்றி, டைனமோவுக்கு மறுபடி துருவம் கொடுக்க வேண்டும். பழைய வெப்பத்தகட்டு மீற்றர்களுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். எல்.இ.டி. பல்புகளுக்கும் மின்னணு ஆர்.பி.எம். மீற்றருக்கும் அப்படியல்ல.

அம்பியர் மீற்றரா, வோல்ற் மீற்றரா என்று கேட்டால் தயங்காமல் வோல்ற் மீற்றர் என்பேன். அம்பியர் மீற்றர் வழியாகக் காரின் மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் டாஷ்போட்டுக்குள் வந்து போகிறது. அறுபது வருடப் பழைய இணைப்பு சற்றுத் தளர்ந்தால் அங்கேதான் சூடு, அங்கேதான் புகை. டைனமோவைக் கழற்றி ஒல்ற்றனேற்றர் பூட்டியவர்களின் காரில் அது தாங்க வேண்டிய சுமை இன்னும் அதிகம். வோல்ற் மீற்றருக்கு ஃபியூஸ் போட்ட ஒரு மெல்லிய வயர் போதும். 12 வோல்ற் காரில் எஞ்சின் நிற்கும்போது 12.6 அளவிலும் ஓடும்போது 14ஐ ஒட்டியும் காட்டினால் கவலையில்லை.

காசை மிச்சப்படுத்தும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அறுபதுகளின் பல பிரிட்டிஷ் கார்களில் பெற்றோல், வெப்ப மீற்றர்களுக்குச் சராசரியாக 10 வோல்ற் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி டாஷ்போட்டின் பின்னால் இருக்கும். ஃபோர்ட், கிறைஸ்லர் கார்களில் அதே வேலைக்கு 5 வோல்ற் பெட்டி. இரண்டு மீற்றர்களும் ஒன்றாகச் சேர்ந்து கூடவோ குறையவோ காட்டினால் குற்றவாளி பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். முழுத் தொகுதியையும் மாற்ற நினைப்பவர் முதலில் இதை மாற்றிப் பார்க்கட்டும். புதிய 12 வோல்ற் மீற்றர் போடுபவர் அதற்கு இந்தப் பெட்டியிலிருந்து வயர் எடுக்கக் கூடாது. பழைய மீற்றரை வைத்திருப்பவர் அதற்கு நேரே 12 வோல்ற் கொடுக்கக் கூடாது.

வெளிச்சத்துக்கு எல்.இ.டி. போடுகிறவர்கள் சார்ஜ் விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பல ஒல்ற்றனேற்றர்கள் விழித்துக்கொள்வதே அந்தப் பழைய இழை பல்ப் வழியாக வரும் சிறு மின்னோட்டத்தால். எல்.இ.டி. போட்டால் சார்ஜ் ஏறாமலே ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

கேபிளா, செய்மதியா?

வேகமானியின் அடிப்படை 1902இல் ஜெர்மானியர் ஒட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்றதிலிருந்து பெரிதாக மாறவில்லை. கியர்பொக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றியுள்ள உலோகக் கிண்ணம் அந்தச் சுழற்சியோடு இழுபடப் பார்க்கிறது, ஒரு மயிர்ச்சுருள் அதைப் பிடித்து நிறுத்துகிறது. முள் நடுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருப்பது அல்லது எங்கோ கூர்மையாக மடிந்திருப்பது. ரொறன்ரோவின் ஏப்ரல் குளிரில் முதல் முறை வெளியே எடுக்கும்போது முள் துள்ளினால் கேபிளை உருவித் துடைத்து மெல்லிய கிறீஸ் பூசிப் பாருங்கள். வேகமானிக்கு அண்மையிலுள்ள கடைசிச் சில அங்குலங்களுக்குக் கிறீஸ் வேண்டாம், அது மேலேறிக் கருவிக்குள் போய்விடும்.

ஸ்மித்ஸ் வேகமானியின் முகத்தில், கீழ் விளிம்பில், மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 1280, 1472, 1600 என்பதுபோல. ஒரு மைல் ஓடினால் கேபிள் அத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது அதன் பொருள். வேறு காரிலிருந்து எடுத்த வேகமானி முகத்தில் அச்சு அசலாக ஒன்றுபோலிருந்தாலும் இந்த எண் வேறாக இருந்தால் வேகம் பிழை. உங்கள் காருக்கு எந்த எண் என்று வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு மைலின் நூறிலொரு பங்கு 52 அடி 9½ அங்குலம், ஏறக்குறைய 16.1 மீற்றர். வேகமானிப் பக்கம் கேபிளைக் கழற்றி, அதன் உள்கம்பியில் ஒரு துண்டு ரேப்பைக் கொடிபோல ஒட்டி, காரை அத்தனை தூரம் நேராகத் தள்ளச் சொல்லிவிட்டுச் சுற்றுகளை எண்ணுங்கள். பதினான்கே முக்கால் சுற்று வந்தால் 1475. 1472 எண் வேகமானி போதும். ரயரின் உயரத்தை மாற்றியவர்களுக்கும், பின் அச்சின் கியர் விகிதத்தை மாற்றியவர்களுக்கும் இதைவிட நம்பகமான கணக்கு இல்லை.

செய்மதியிடமிருந்து வேகத்தை அறியும் ஜி.பி.எஸ். வேகமானிக்குக் கேபிளே வேண்டாம், ரயர் அளவும் பொருட்டல்ல, மைலையும் கிலோமீற்றரையும் ஒரு பொத்தானில் மாற்றலாம். திறந்த 401இல் மிகச் சரியாகச் சொல்லும். ஆனால் கார்டினர் மேம்பாலத்தின் அடியில் லேக் ஷோர் வீதியில் போகும்போதும், பே வீதியின் கோபுரங்களுக்கு நடுவிலும் அதன் தொடர்பு தடுமாறலாம். காரை எடுத்த முதல் நிமிடம் வானத்தைத் தேடிக்கொண்டு சும்மா நிற்கும். நகருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு நான் கேபிளைத்தான் சொல்வேன். முகத்தை மட்டும் மைலும் கிலோமீற்றரும் சேர்ந்த இரட்டை அளவுக்கு மறுபடி அச்சிடச் செய்யலாம். பழைய கருவிகளைப் புதுக்கித் தரும் தொழிலகங்கள் அதைச் செய்கின்றன.

இனி முகத்தைப் பார்க்கலாம்

அளவெடுத்தாயிற்று, திசை பார்த்தாயிற்று என்றால் அழகைத் தேட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அமெரிக்கக் கார்களுக்கு இலினோயில் 1957 முதல் இயங்கும் ஒட்டோ மீற்றர், மிச்சிகனின் கிளாசிக் இன்ஸ்ருமென்ற்ஸ் இரண்டும் பழைய தோற்றத்தில் நல்ல முள் மீற்றர்கள் செய்கின்றன. தெற்கு டகோட்டாவின் டகோட்டா டிஜிற்றல், குறிப்பிட்ட காரின் டாஷ்போட்டில் வெட்டாமல் கொத்தாமல் நேரே உட்காரும் மின்னணுத் தொகுதிகளுக்குப் பெயர்பெற்றது. பிரிட்டிஷ் கார் என்றால் ஸ்மித்ஸ் என்ற பெயர்தான் கண்ணுக்குப் பழக்கம். அந்தப் பெயரிலேயே, அதே எழுத்து வடிவத்தில், வேல்ஸிலுள்ள கார்பொன்ற் தொழிலகம் இன்றும் செய்து தருகிறது. தமிழகத்துக்கும் இந்தத் தொழிலில் இடமுண்டு. கோயம்புத்தூரின் பிரிக்கால் 1975 முதல் வாகனங்களுக்கான டாஷ்போட் கருவிகளைச் செய்துவருகிறது.

என் விருப்பம் என்னவென்றால், காரோடு பிறந்த முகம் அதன் இடத்திலேயே இருக்கட்டும். புதிதாகச் சேர்க்கும் 52 மில்லிமீற்றர் மீற்றர்களை டாஷ்போட்டின் கீழே ஒரு தகட்டில் தொங்கவிடலாம். இரண்டு திருகாணி, கழற்றினால் தடமில்லை. டாஷ்போட்டில் துளையிட்டவர் அதை மறுபடி மூட முடியாது. ஒன்ராறியோவில் ‘வரலாற்று வாகன’ இலக்கத் தகடு வேண்டுமென்றால் கார் குறைந்தது 30 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும், தயாரித்து வெளிவிட்ட நிலையிலிருந்து பெரிதாக மாறாமலும் இருக்க வேண்டும். கீழே தொங்கும் இரண்டு மீற்றரால் காரின் பிறவிக்குணம் கெடாது. டாஷ்போட்டையே வெட்டி எண்கள் மின்னும் திரை வைத்தால் அப்படிச் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள்.

வாங்கும் முன் நாலு கார்களின் உள்ளே எட்டிப் பார்க்க விரும்புவோருக்கு, செப்டெம்பரில் ஓக்வில் அருகே புரொன்ரே கிறீக் மாகாணப் பூங்காவில் ரொறன்ரோ ட்ரயம்ப் கிளப் நடத்தும் பிரிட்டிஷ் கார் தினத்தை விடச் சிறந்த இடமில்லை. கேட்டால் கதவைத் திறந்து காட்டாத உரிமையாளர் அங்கே குறைவு. பழைய மீற்றர்களையே தேடுவோர் பரி நகருக்கு அப்பால் பேர்ல்ஸ் கிறீக்கில் நடக்கும் வாகன உதிரிப்பாகச் சந்தைக்குப் போகிறார்கள்.

அத்தகைய சந்தைகளில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். போர்க்கால விமானக் கருவிகளையும் இராணுவ வாகன மீற்றர்களையும் விரும்பி வாங்கிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் ஒளிர்வதற்காக அவற்றில் பலவற்றின் எண்களிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. வடமேற்குப் பிரதேசத்தில் வெட்டியெடுத்த கனிமத்திலிருந்து அந்த ரேடியத்தைப் பிரித்தெடுத்த ஆலை 1930களில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே போர்ட் ஹோப் ஊரில்தான் இருந்தது. அதன் மிச்சத்தைத் துப்புரவு செய்யும் வேலை அந்த ஊரை இந்த நூற்றாண்டுவரை தொடர்ந்து வந்திருக்கிறது. வண்ணத்தின் ஒளி எப்போதோ அணைந்துவிட்டது. ரேடியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டு வேண்டும். கண்ணாடி உடைந்த, முகத்தில் பழுப்பு வண்ணம் பொரிந்து உதிரும் பழைய இராணுவக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். சுத்தம் செய்ய என்று திறக்கவே வேண்டாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து.

பனிக்காலத்து வேலை

நவம்பரில் வீதியில் உப்பு விழத் தொடங்கியதும் பழைய கார்கள் போர்வைக்குள் போய்விடும். மீற்றர் வேலைக்கு உகந்த காலம் அதுதான். புதுக்கித் தருவோரிடம் வசந்தத்தில் அனுப்பினால் கோடை முழுவதும் டாஷ்போட்டில் ஓட்டையோடு ஓட்ட நேரும். கழற்றும் நாளில் பற்றறியைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு வயரிலும் அது வந்த இடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். வேகமானியை மாற்றுவதானால் பழையதிலுள்ள மொத்த மைல் கணக்கைத் தேதியோடு படமெடுத்து, கருவியையும் எறியாமல் வைத்திருங்கள். காரை விற்கும்போது உண்மையான தூரத்தை வாங்குபவருக்குச் சொல்வது உங்கள் கடமை, அதற்குச் சான்று அந்தப் படம்தான்.

பூட்டி முடித்தபின் முதல் ஓட்டத்தை 401இல் வைக்காதீர்கள். எஞ்சினை வாசலிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு, ஓயில் குழாயின் இரண்டு மூட்டுகளையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். பிறகு பக்கத்தில் ஒருவரை இருத்தி, அவர் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தை உரக்க வாசிக்க, நீங்கள் 30, 50, 80 மூன்றிலும் முள் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். அவர் இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும். மூன்றிலும் வித்தியாசம் ஒரே விகிதத்தில் இருந்தால் கேபிளின் சுற்று எண்ணோ ரயர் அளவோ பொருந்தவில்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் கருவியைத் திரும்ப அனுப்ப வேண்டும்.